சூடு வந்த வழி

1. சுரங்கம்

1933 பிப்ரவரி 27, திங்கட்கிழமை. இரவு ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்கள். பெர்லினில் எலும்பைத் துளைக்கும் குளிர். ரைக்ஸ்டாக் எனப்படும் நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டி ஒரு மாணவர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். எங்கோ கண்ணாடி நொறுங்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தார். சன்னலருகே ஓர் ஆள் நிற்கிறான். அவன் கையில் ஏதோ எரிகிறது. மாணவர் ஓடிப்போய்க் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டார்.

தீயணைப்பு வண்டிகள் வந்தபோது உணவகத்தில் திரைச்சீலைகள் எரிந்துகொண்டிருந்தன. அதை அணைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒன்பதரை மணிக்குள் உறுப்பினர்கள் அமரும் அவை மண்டபம் முழுவதும் ஒரே தணலாகிவிட்டது. சில நிமிடங்களுக்கு முன் அங்கே எட்டிப்பார்த்தவர்கள் ஆங்காங்கே சிறு சிறு தீயைத்தான் கண்டிருந்தார்கள். இடையில் என்ன நடந்தது?

மண்டபத்தின் சுவரெல்லாம் மரப்பலகை. இருக்கைகளும் மேசைகளும் மரம். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. அதற்கும் மேலே இரும்பும் கண்ணாடியுமாக எழும்பிய குவிமாடம், தரையிலிருந்து 75 மீட்டர் உயரம். சூடு தாங்காமல் கண்ணாடிக் கூரை வெடித்ததும் கீழிருந்த அனல் குவிமாடத்தை நோக்கிப் பாய்ந்தது. அனல் மேலே போகப் போக, கீழே புதுக் காற்று நாலா பக்கத்திலிருந்தும் உள்ளே இழுக்கப்பட்டது. நாட்டின் நாடாளுமன்றம் ஒரு ராட்சதப் புகைபோக்கியாக மாறிவிட்டது.

இந்த ‘இழுப்பு’ என்கிற சங்கதியை மனசில் போட்டு வையுங்கள். தொடர் முடிவதற்குள் அது இன்னொரு வேஷத்தில் வரும்.

கட்டடத்துக்குள்ளேயே ஓர் ஆள் பிடிபட்டான். மாரினஸ் வான் டெர் லூபே, வயது 24, ஹாலந்துக்காரன், கொத்தனார் வேலை பார்த்தவன், பாதிப் பார்வை போனவன். மேலே சட்டை இல்லை. சட்டையைக் கழற்றிக் கொளுத்தித்தான் தீ பரப்ப ஓடியிருக்கிறான். “நான்தான் செய்தேன், தனியாகத்தான் செய்தேன்” என்ற பேச்சைக் கடைசிவரை அவன் மாற்றவில்லை.

ஹிட்லர் ஆட்சித் தலைவராகி அன்றைக்குச் சரியாக நாலு வாரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுத் தேர்தல். செய்தி கேட்டு ஹெர்மன் கோரிங் வந்து இறங்கினார். அவர் நாடாளுமன்றத்தின் அவைத்தலைவர். பிரஷ்ய மாநிலப் போலீஸும் அவர் கையில். வந்த வேகத்தில் ‘இது கம்யூனிஸ்டுகள் வேலை’ என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பொடியன் தனியாக இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கொளுத்த முடியாது என்றால், மற்றவர்கள் எங்கே? எந்த வழியாக வந்தார்கள்? எந்த வழியாகத் தப்பினார்கள்?

அந்தக் கட்டடத்துக்குப் பெரும்பாலானவர்கள் பார்த்திராத ஒரு வழி இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1884 ஜூன் 9 அன்று பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் அடிக்கல் நாட்டினார். சம்பிரதாயமாகக் கல்லைச் சுத்தியலால் தட்டியபோது சுத்தியல் உடைந்துவிட்டதாகச் சொல்வார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பார்கள். கட்டடக்கலைஞர் பால் வாலோட். பத்து ஆண்டுகள் எடுத்தன. குவிமாடத்தின் கனத்தைச் சுவர்கள் தாங்குமா என்ற சிக்கலில் அவர் தவித்தபோது, ஹெர்மன் சிம்மர்மான் என்ற பொறியாளர் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எடை குறைவான ஒரு வடிவத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1894 டிசம்பரில் கட்டடம் தயார். அதற்குள் அரியணைக்கு வந்துவிட்ட இரண்டாம் வில்ஹெல்முக்கு அதைக் கண்டாலே ஆகாது. ரசனைக்கேட்டின் உச்சம் என்றார். மக்கள் பிரதிநிதிகளின் மாடம் தன் அரண்மனை மாடத்தை மிஞ்சி நின்றதில் அவருக்கு எரிச்சல்.

வெளித்தோற்றத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்கூட உள் ஏற்பாடுகளைக் குறை சொல்லவில்லை. மின்விளக்கு, இரட்டைச் சன்னல், நீராவிச் சூடாக்கம். சுவர்களுக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஆள் நுழையும் அளவுக்குக் காற்றுப் பாதைகள். வெளிக்காற்றை இழுத்து, பதமாக்கி, மண்டபத்துக்குள் விட்டார்கள். ஏசி என்ற பேச்சே இல்லாத காலம் அது.

சூடாக்கும் பாய்லர்களை மட்டும் வாலோட் கட்டடத்துக்குள் வைக்கவில்லை. நிலக்கரி, கரி, புகை, வெடிக்கக்கூடிய கொதிகலன் எல்லாம் தெருவைத் தாண்டித் தனிக் கொட்டகையில் இருந்தன. அங்கிருந்து நீராவிக் குழாய்கள் பூமிக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை வழியாக வந்தன. பின்னாளில் அவைத்தலைவருக்கென்று எதிரே ஒரு மாளிகை கட்டியபோது, அதையும் அதே பாதையோடு இணைத்தார்கள். ஒரே பாய்லர், ஒரே குழாய்வழி, இரண்டு கட்டடத்துக்கும் சூடு. சிக்கனமான ஏற்பாடு.

1933-இல் அந்த மாளிகை யாருடையது? அவைத்தலைவர் கோரிங்குடையது.

நெருப்பைத் தள்ளி வைப்பதற்காகத் தோண்டிய சுரங்கத்தின் ஒரு முனை எரியும் மன்றத்தில், மறு முனை கோரிங்கின் வாசலில். இந்தக் கணக்கு உலகப் பத்திரிகைகளுக்குப் புரிய அதிக நாள் ஆகாது. கோரிங்குக்கும் அது தெரியும். தன் மெய்க்காவலர் தலைவனைக் கூப்பிட்டார். ‘சுரங்கத்தைச் சோதித்துவிட்டு வா.’

சில போலீஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவன் படியிறங்கினான். மேலே மண்டபம் எரிந்துகொண்டிருந்தது. கீழே குழாய்கள் நீண்ட இருட்டு.

(தொடரும்)

2. பதினெட்டு வாக்கு

சுரங்கத்தில் யாரும் இல்லை.

இந்தப் பதிலால் அரசும் அடங்கவில்லை, அதன் எதிர்ப்பாளர்களும் அடங்கவில்லை. மறுநாளே, பிப்ரவரி 28 அன்று, ‘மக்களையும் நாட்டையும் காக்க’ என்று ஓர் அவசர ஆணை பிறந்தது. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. ஆயிரக்கணக்கான கம்யூனிஸ்டுகள் சிறைக்குப் போனார்கள். செப்டம்பரில் லைப்சிக் நகரில் வழக்குத் தொடங்கியபோது, அந்தச் சூட்டுக்குழாய்ப் பாதை நீதிமன்றத்தில் ஒரு சாட்சிபோலவே நின்றது. கம்யூனிஸ்டுகள் அதன் வழியாகத் தப்பியிருக்கலாம் என்றது அரசு. நாஜிப் படையினர்தான் கோரிங்கின் மாளிகையிலிருந்து அதன் வழியாக வந்தார்கள் என்று நாடு கடந்துபோன எதிர்ப்பாளர்கள் பாரிஸிலிருந்து புத்தகமே போட்டார்கள். வெப்ப இயக்கவியல் பேராசிரியர் எமில் யோஸ்ஸே வந்து, காற்றோட்டத்தையும் சூட்டையும் கணக்கிட்டு, ஓர் ஆள் மட்டும் செய்திருக்க முடியாது என்றார். குற்றம் சாட்டப்பட்ட பல்கேரியர் டிமிட்ரோவ் கோரிங்கையே கூண்டில் குறுக்கு விசாரணை செய்து கதிகலக்கினார். கடைசியில் லூபேயைத் தவிர எல்லோரும் விடுதலை. 1934 ஜனவரியில் லூபேயின் தலை துண்டிக்கப்பட்டது. 2007-இல் ஜெர்மனி அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. யார் கொளுத்தினார்கள் என்ற பஞ்சாயத்து வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. நாம் அதில் இறங்க வேண்டாம். நமக்குக் கட்டடம்தான் கதாநாயகன்.

கதாநாயகனுக்கு இனி அறுபது வருஷம் கெட்ட காலம்.

எரிந்த மண்டபத்தை ஹிட்லர் சீர்செய்யவில்லை. உறுப்பினர்கள் எதிரேயிருந்த குரோல் ஓபரா அரங்கில் கூடி, சொன்னதற்கெல்லாம் கைதூக்கி, கடைசியில் தேசிய கீதம் பாடிக் கலைந்தார்கள். நாட்டிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் பாட்டுக் கச்சேரி என்று பெர்லின்காரர்கள் காதோடு காது சொல்லிச் சிரித்தார்கள். போர்க்காலத்தில் ரைக்ஸ்டாக்கின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நிலவறையில் ஒரு பிரசவ வார்டு நடந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் பலர். 1945 ஏப்ரல் கடைசியில் சோவியத் படை உள்ளே புகுந்து மாடிக்கு மாடி சண்டையிட்டு மேலே கொடி ஏற்றியது.

அடுத்து வந்த குளிர்காலங்களில் நகரத்தில் நிலக்கரி இல்லை. ரைக்ஸ்டாக்கை ஒட்டிய டீர்கார்ட்டன் பூங்காவின் மரங்களைப் பெர்லின்காரர்கள் விறகுக்காக வெட்டித் தீர்த்தார்கள். சுமார் இரண்டு லட்சம் மரங்களில் எழுநூறுதான் மிஞ்சியதாகச் சொல்கிறார்கள். வெறுமையான தரையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார்கள். நாடாளுமன்றத்தின் பாய்லரைப் பற்றி யாருக்குக் கவலை?

1954-இல் குவிமாடத்தின் எஞ்சிய இரும்புக்கூடு விழுந்துவிடும் என்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1961-இல் கட்டடத்தின் முதுகை உரசிக்கொண்டு பெர்லின் சுவர் எழுந்தது. அதே காலத்தில் மேற்கு ஜெர்மனி பால் பௌம்கார்ட்டன் என்பவரிடம் கட்டடத்தைச் சீரமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. அவர் அறுபதுகளின் ரசனைக்காரர். பழைய அலங்காரங்களைக் கொத்தி எடுத்தார். காயம்பட்ட கற்சுவர்களை வெள்ளைப் பலகையால் மூடி மறைத்தார். உள்ளே புதுத் தளங்கள், புது மண்டபம், எரிபொருளை விழுங்கும் புதுச் சூடாக்கம். வேலை முடிந்தபோது பார்க்க நவீன அலுவலகம்போலத்தான் இருந்தது. ஆனால் நான்கு வல்லரசுகளின் உடன்படிக்கைப்படி மேற்கு ஜெர்மனி அங்கே முழு நாடாளுமன்றத்தைக் கூட்டக் கூடாது. எனவே ஒரு வரலாற்றுக் கண்காட்சியும் சில குழுக் கூட்டங்களும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட காலியாகக் கிடந்த கட்டடத்தைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கதகதப்பாக வைத்திருந்தார்கள்.

1989-இல் சுவர் இடிந்தது. 1990 அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அப்போதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. நாடாளுமன்றம் எங்கே? ரைன் நதிக்கரையில் நாற்பது வருஷமாகச் சௌகரியமாக இருந்த பான் நகரிலேயேவா, பெர்லினிலா?

1991 ஜூன் 20. பான் நகரில் விவாதம் காலையில் தொடங்கி இரவுவரை நீண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். கட்சிக் கொறடாவின் உத்தரவு எதுவும் கிடையாது. ஒரே கட்சியில் ஒருவர் பானுக்கு, இன்னொருவர் பெர்லினுக்கு. முந்தைய ஆண்டு கொலைமுயற்சியில் சுடப்பட்டு, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட வொல்ப்காங் ஷொய்ப்ளே பெர்லினுக்காகப் பேசினார். முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாக்கு எண்ணிக்கை இரவு வந்தது. பெர்லினுக்கு 338, பானுக்கு 320. பதினெட்டு வாக்கு வித்தியாசம்.

சரி, ரைக்ஸ்டாக்தான் வீடு. அதை யார் புதுப்பிப்பது? போட்டியில் மூன்று பேருக்குச் சமமாக முதல் பரிசு கொடுத்துத் தீர்ப்பாளர்கள் கைகழுவினார்கள். அவர்களில் ஒருவர் பிரிட்டனின் நார்மன் பாஸ்டர். பழைய கட்டடத்தின் மேலே, முன்வாசலையும் தாண்டி, தூண்கள் தாங்கும் ஒரு மாபெரும் தட்டையான கண்ணாடிக் கூரையை அவர் வரைந்திருந்தார். பெர்லின் பத்திரிகைகள் அதை ‘பெட்ரோல் பங்க்’ என்று நையாண்டி செய்தன. இதற்குள் மறு இணைப்பின் செலவு நாட்டை நெருக்கியது. இடத்தைக் குறை, பணத்தைக் குறை, 60 கோடி மார்க்குக்குள் முடி என்று கெடுபிடி. 1993-இல் பாஸ்டர் கூரையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது வரைபடத்தோடு வந்து வேலையைப் பிடித்தார்.

புது வரைபடம் போடும்போது அவருடைய குழு பழைய எரிபொருள் கணக்கைப் பார்த்து மலைத்துப்போனது. அறுபதுகளின் இயந்திரங்கள் ஆண்டுக்கு 7,000 டன் கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டிருந்தன. அந்த ஒரே கட்டடம் தின்ற எரிபொருளில் 5,000 வீடுகளைச் சூடாக்கலாம். நடுக்குளிர்காலத்தில் உள்ளே ஒரே ஒரு டிகிரி கூட்டுவதற்குத் தேவைப்பட்ட சக்தியில் பத்து வீடுகள் ஒரு வருஷத்தை ஓட்டிவிடும் என்றது அவர்கள் கணக்கு. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இது எப்படி நாளைய நாடாளுமன்றம் ஆகும்?

நடுவில் ஒரு திருவிழா. கிறிஸ்டோ, ழான்-க்ளோட் தம்பதி கட்டடம் முழுவதையும் வெள்ளித்துணியால் போர்த்த அனுமதி கேட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக அலைந்தார்கள். அதையும் நாடாளுமன்றம் விவாதித்து, 292-க்கு 223 என்று வாக்களித்து ஒப்புக்கொண்டது. 1995 ஜூன் 24 முதல் இரண்டு வாரம், ஒரு லட்சம் சதுர மீட்டர் துணிக்குள் ரைக்ஸ்டாக் மின்னியது. ஐம்பது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

ஜூலையில் துணி இறங்கிய கையோடு கட்டட வேலையாட்கள் உள்ளே புகுந்தார்கள். முதல் வேலை, பௌம்கார்ட்டனின் மறைப்புப் பலகைகளைப் பெயர்த்தெடுப்பது. ஒரு பலகை கழன்றது. அதன் பின்னாலிருந்த கல்லில் கரிக்கட்டையால் யாரோ எழுதியிருந்தார்கள். ஜெர்மன் எழுத்து இல்லை.

(தொடரும்)

3. இழுப்பு

ரஷ்ய எழுத்து. அடுத்த பலகையைக் கழற்றினார்கள், அங்கேயும். தாழ்வாரம் தாழ்வாரமாக. 1945 மே மாதம் உள்ளே வந்த படைவீரர்கள் தங்கள் பெயர், ஊர், எந்த வழியாக நடந்து பெர்லின் வந்தோம் என்பதையெல்லாம் எரிந்த மரத்தின் கரியாலும் வண்ணக் கட்டியாலும் கிறுக்கி வைத்திருந்தார்கள். நடுவே நல்ல கெட்ட வார்த்தைகளும் உண்டு.

துடைத்துவிடலாம் என்றார்கள் சில உறுப்பினர்கள். தோற்ற நாட்டின் மன்றத்தில் ஜெயித்தவனின் கிறுக்கல் எதற்கு? பாஸ்டர் விடவில்லை, அவைத்தலைவர் ரீட்டா ஸூஸ்முத் அவர் பக்கம் நின்றார். மிகவும் ஆபாசமானவற்றை மட்டும் ரஷ்யத் தூதரகத்தின் ஒப்புதலோடு நீக்கிவிட்டு, மற்றதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அமைச்சர்கள் அந்தச் சுவர்களைக் கடந்துதான் கூட்டத்துக்குப் போகிறார்கள்.

பத்திரிகைகள் கிறுக்கல்களைப் பற்றி எழுதின. பொறியாளர்கள் மகிழ்ந்தது வேறொன்றைக் கண்டு. சுமார் 45,000 டன் இடிபாடுகளை அள்ளி வெளியே கொட்டிய பிறகு, வாலோட் நூறு வருஷம் முன்பு சுவருக்குள் விட்டுவைத்த காற்றுப் பாதைகளைத் திரும்பவும் பயன்படுத்த வழி கிடைத்தது. புதுக் கட்டடம் என்றால் இத்தனை அகலமான குழாய்க்கு பணம் போடுகிற யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். கனத்த கற்சுவர்களும் உதவிக்கு வந்தன. அவை மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். இரவில் சன்னலைத் திறந்து குளிரூட்டி வைத்தால் மறுநாள் பகலில் பாதி வேலை மிச்சம். அதற்காகவே சன்னல்களை இரண்டு அடுக்காகச் செய்தார்கள்: வெளி அடுக்கு பாதுகாப்புக்கு, உள் அடுக்கு திறந்து மூட, இரண்டுக்கும் நடுவே காற்று நுழைய இடுக்கும் வெயில் மறைக்கும் தட்டியும்.

பெரிய சண்டை மேலே நடந்தது. பழமைவாத உறுப்பினர்களுக்குக் குவிமாடம் வேண்டும், 1894-இல் இருந்ததுபோலவே வேண்டும். பாஸ்டருக்குக் குவிமாடமே பிடிக்காது. பழசைப் போலி செய்வதில் அவருக்கு உடன்பாடு இல்லை. வாடிக்கையாளரோ ஒரு நாட்டின் நாடாளுமன்றம். மாதிரி மேல் மாதிரி செய்து காட்டினார், ஒவ்வொன்றாக நிராகரித்தார்கள். கடைசியில் குவிமாடத்துக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு வேலை இருக்க வேண்டும், சும்மா கிரீடமாக உட்காரக் கூடாது என்பது அவர் நிபந்தனை. கண்ணாடி மாடம், உள்ளே மக்கள் ஏறிப்போகும் பாதை என்ற எண்ணத்தை ஜெர்மன் கட்டடக்கலைஞர் காட்பிரீட் பூம் முன்பே முன்வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புகழ் முழுவதும் ஒருவர் கணக்கிலேயே ஏறிவிடுகிறது.

40 மீட்டர் அகலம், 23.5 மீட்டர் உயரம், 3,000 சதுர மீட்டர் கண்ணாடி. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் இரண்டு சாய்பாதைகள். நடுவில் தலைகீழாக நிற்கும் ஒரு கூம்பு: கீழே இரண்டரை மீட்டர் குறுக்களவு, மேலே விரிந்து 16 மீட்டர். அதன் உடம்பெல்லாம் 360 ஆடிகள்.

அந்த ஆடிகள் வானத்து வெளிச்சத்தைப் பிடித்து, பத்து மீட்டர் கீழே இருக்கும் அவை மண்டபத்துக்குள் இறக்குகின்றன. பகலில் விளக்குச் செலவு குறைகிறது. நேர் வெயில் விழுந்தால் உறுப்பினர்களின் கண் கூசும், மண்டபமும் காயும். அதற்காக ஒரு பெரிய தட்டி சூரியனைப் பின்தொடர்ந்து கூம்பைச் சுற்றி நகர்கிறது. அதை ஓட்டும் மின்சாரம் கூரையில் பதித்த சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது.

கூம்பின் உள்ளே நடப்பதுதான் நான் முதல் பகுதியில் ஞாபகம் வைக்கச் சொன்னது. மேற்கு வாசலின் மேலே வெளிக்காற்று உள்ளே நுழைந்து, பழைய பாதைகள் வழியாக வந்து, மண்டபத் தரையிலிருந்து மெல்லக் கசிகிறது. அறுநூறு எழுநூறு பேர் மூச்சும் உடம்புச் சூடும் பட்டு அது வெதுவெதுப்பாகிறது. வெதுவெதுப்பான காற்று தானாகவே மேலே எழுகிறது. கூம்பு அதை உறிஞ்சி, திறந்திருக்கும் மாடத்தின் உச்சி வழியாக வெளியே அனுப்புகிறது. போகிற போக்கில் ஒரு வெப்பமாற்றி அந்தச் சூட்டில் பெரும்பகுதியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது. 1933-இல் மண்டபத்தைச் சாம்பலாக்கியதே, அதே இழுப்பு! அதே இடம், அதே பௌதிகம். மின்விசிறி கைகொடுக்கிறது என்றாலும் பாதி உழைப்பு காற்றினுடையது.

அப்படியானால் நெருப்பு? அது இன்னும் தேவைதானே, ஜனவரியில் பெர்லின் உறைந்துபோகுமே?

தேவைதான். ஆனால் எரிபொருள் மாறியது. ஜெர்மனியில் வசந்தகாலத்தில் வயல் வயலாக மஞ்சள் பூ பூக்கும் ரேப் செடி, கடுகுக்கு உறவுக்காரச் செடி. அதன் விதையெண்ணெயை எரித்து இயந்திரங்கள் ஓடுகின்றன, மின்சாரம் கிடைக்கிறது. சாதாரண மின்நிலையம் ஒன்றில் மிச்சச் சூடு ஆற்றிலோ வானத்திலோ போய் வீணாகும். இங்கே அந்தச் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி அறைகளுக்கு அனுப்புகிறார்கள். பக்கத்திலிருக்கும் மற்ற நாடாளுமன்ற அலுவலகங்களும் இந்த ஏற்பாட்டோடு இணைக்கப்பட்டன.

இதிலும் ஒரு முடிச்சு. மின்சாரம் கோடையிலும் வேண்டும். சூடு கோடையில் வேண்டாம். ஜூலை மாதத்தில் மிஞ்சும் சூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? தொட்டி கட்டினால் ஊரளவு தொட்டி வேண்டும்.

பூமிக்குள் வைத்தார்கள். பெர்லினுக்கு அடியில் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்கல் படுகை இருக்கிறது. கோடையில் அந்த நீரை மேலே எடுத்து, மிஞ்சிய சூட்டை அதில் ஏற்றி, இன்னொரு துளை வழியாக மறுபடி கீழே இறக்கிவிடுகிறார்கள். நீர் ஓடிவிடாமல், சூடு அதிகம் குறையாமல் அங்கேயே கிடக்கிறது. குளிர்காலத்தில் அதை மேலே கொண்டுவந்து அறைகளைச் சூடாக்குகிறார்கள். குளிர்ச்சிக்கும் இதே தந்திரம்: சுமார் 60 மீட்டர் ஆழத்திலுள்ள படுகையில், குளிர்கால வானத்தின் குளிரை நீரில் ஏற்றிச் சேமித்து, ஆகஸ்டில் எடுத்துச் செலவழிக்கிறார்கள். பெர்லின் குடிக்கும் தண்ணீரும் அதே பூமிக்குள்ளிருந்துதான் வருகிறது. உப்புப் படுகைக்கும் நன்னீருக்கும் நடுவே கனத்த களிமண் அடுக்கு ஒன்று இயற்கையாகவே மூடிபோல் கிடப்பதால்தான் இந்தத் திட்டமே சாத்தியமானது. எல்லா ஊர் மண்ணும் இப்படி ஒத்துழைக்காது.

ஆண்டுக்கு 7,000 டன்னாக இருந்த கரியமில வாயு சுமார் 440 டன்னாகக் குறையும் என்று பாஸ்டர் குழு கணக்குச் சொன்னது. 94 சதவீதக் குறைவு. இந்த எண்ணைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றும், நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கணக்கின் பெரும்பகுதி எண்ணெயை நம்பியிருக்கிறது. செடி வளரும்போது இழுத்துக்கொண்ட வாயுதான் எரியும்போது திரும்ப வருகிறது, எனவே கூடுதல் பாவம் இல்லை என்பது வாதம். வயலுக்குப் போட்ட உரம், ஓடிய டிராக்டர், உணவு விளைந்திருக்கக்கூடிய நிலம் இவற்றை யார் பேரில் எழுதுவது என்ற கேள்வி அப்போது அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை. பின்னாளில் ஐரோப்பா முழுவதும் கேட்டது. எனக்கு எண்ணெயைவிட காற்றுப் பாதையும் நிலத்தடிப் படுகையும்தான் பெரிய சாதனையாகத் தெரிகின்றன. அவற்றுக்கு எந்த வயலும் வேண்டாம்.

சுரங்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதிய அலுவலகக் கட்டடங்களுக்காகத் தோண்டியபோது அதன் ஒரு துண்டை மட்டும் அப்படியே எடுத்து, ரைக்ஸ்டாக்கையும் யாகோப் கைசர் அலுவலகக் கட்டடத்தையும் இணைக்கும் புது நிலத்தடிப் பாதையில் வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் அதைத் தாண்டி அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

1999 ஏப்ரல் 19 அன்று புதிய மண்டபத்தில் முதல் கூட்டம். பாஸ்டர் அடையாளச் சாவியை அவைத்தலைவர் வொல்ப்காங் தீர்ஸேயிடம் கொடுத்தார்.

அந்த மண்டபத்தின் சுவரில் தொங்கும் தேசியச் சின்னமான கழுகுதான் பாஸ்டர் தோற்ற கடைசிச் சண்டை. பான் நகர மன்றத்தில் லுட்விக் கீஸ் வடித்த ஒரு குண்டுக் கழுகு இருந்தது. ஜெர்மானியர் அதைச் செல்லமாக ‘கொழுத்த கோழி’ என்பார்கள். புது மன்றத்துக்கு ஏற்ற மாதிரி இளைத்த, விறைப்பான கழுகுகளை பாஸ்டர் விதவிதமாக வரைந்து காட்டினார். பூமிக்கு அடியில் 300 மீட்டர் துளை போடச் சம்மதித்த உறுப்பினர்கள், தங்கள் கோழியை இளைக்க விடச் சம்மதிக்கவில்லை. கீஸின் கழுகையே கொஞ்சம் பெரிதாக்கி மாட்டினார்கள். அதன் பின்னால் கண்ணாடிச் சுவர் என்பதால் கழுகின் முதுகும் வெளியே தெரியும். பழைய கழுகுக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த முதுகுப் பக்கத்தை மட்டும் வடிவமைத்துக்கொள்ள பாஸ்டருக்கு அனுமதி கிடைத்தது.

(நிறைந்தது)